சயாமுக்கு நான் அளந்து அனுப்பியவர்கள்

மெட்ராஸில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் பி.ஏ. முடித்து, அதற்கு மேல் ஒரு வருஷம் உடற்கல்வியும் சுகாதாரமும் படித்துத் தேறியவன் நான். அந்தப் படிப்பு யாருக்குப் பயன்பட்டது என்று கேட்டால் மழுப்பாமல் சொல்லிவிடுவேன்: ஜப்பான் ராணுவத்துக்கு. மலாயாவில் கூலிமுக்கும் பண்டார் பாருவுக்கும் நடுவிலிருந்த ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர்த் தோட்டத்தில், சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் எடுத்தபோது, எவன் பலசாலி, எவன் நோஞ்சான் என்று அளந்து சொன்னவன் நான்தான். இதைச் சொன்னால் சிலர் ஆறுதலாக, "காலம் அப்படி" என்பார்கள். அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டாலே எனக்கு உடம்பு எரிகிறது. காலம் வந்து டேப்பைப் பிடிக்கவில்லை. என் கைதான் பிடித்தது.

அப்பா அந்தத் தோட்டத்தில் பெரிய கிராணி. ஆள் கணக்கு, வேலைக் கணக்கு எல்லாம் அவர் கையில். துரைக்கு அடுத்தபடி, தொழிலாளர் குடியிருப்பான லயத்து ஜனங்கள் பயந்தது அவருக்குத்தான். என்னைக் கப்பலேற்றி மெட்ராஸுக்கு அனுப்பியது, நான் பி.ஏ. முடித்து வந்து ஏதாவது ஒரு பெரிய ஆபீஸில் உட்கார வேண்டும் என்பதற்காக. உடற்கல்வி படிக்கப் போகிறேன் என்று நான் எழுதியதும் அவரிடமிருந்து கடிதம் வந்தது. "பி.ஏ. வரைக்கும் படித்துவிட்டு ஊதல் ஊதப் போகிறாயா?" என்று ஒரே வரி.

எனக்கு அந்தப் படிப்பின் மேல் பைத்தியம். விடிவதற்கு முன் மைதானத்தில் நிற்க வேண்டும். கர்லாக்கட்டை, லெசிம், தண்டால், ஓட்டம், பிறகு குளித்து ஜெபக்கூடம். இந்துப் பையன்களும் போய் உட்கார வேண்டும் என்று விதி. நான் ஒன்றும் ஆட்சேபிக்கவில்லை; அங்கே காற்று நன்றாக வரும், பாதி நேரம் தூங்குவேன். பகலில் வகுப்பு. ஒரு மூலையில் கம்பியில் தொங்கிக்கொண்டிருந்த எலும்புக்கூட்டை வைத்து ஒவ்வொரு எலும்புக்கும் பெயர் கற்றோம். எந்தத் தசை எதை இழுக்கிறது, இருதயம் வேலை செய்யும்போது என்ன ஆகிறது, அம்மை எப்படிப் பரவுகிறது, கக்கூஸ் கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும், எல்லாம் படித்தோம்.

எங்களுக்குப் பாடம் எடுத்தவர் ஒரு வெள்ளைக்காரப் பேராசிரியர். நெடுநெடுவென்று உயரம், காக்கி அரைக்கால்சட்டை, வெயிலில் சிவந்த முழங்கால். உடம்பு கடவுள் நம்பிக் கொடுத்த பொருள், அதை மதிக்காதவன் கடவுளையே மதிக்காதவன் என்று அவர் அடிக்கடி சொல்வார். நல்ல மனிதர். அதைச் சொல்லவும் எனக்கு இப்போது கோபம்தான் வருகிறது.

ஒருமுறை எங்களைத் துறைமுகத்துக்கு அழைத்துப் போனார். மூட்டை தூக்கும் ஆட்களை அளந்து பார்ப்பதுதான் அன்றைய பாடம். உயரம், எடை, மூச்சை இழுத்தால் மார்பு எவ்வளவு, விட்டால் எவ்வளவு. ஒரு பெட்டிமேல் முப்பது தடவை ஏறி இறங்கச் சொல்லி, நாடி பழைய நிலைக்குத் திரும்ப எத்தனை நேரமாகிறது என்று பார்க்க வேண்டும். நான் அளந்த ஆள் கேட்டார், "எதுக்கு சார் அளக்குறீங்க?"

"படிப்புக்குங்க."

"அளந்து முடிச்சதும் எங்களுக்கு என்ன ஆவும்?"

பேராசிரியரிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் சிரித்து, எல்லோருக்கும் பிஸ்கட் கொடுக்கச் சொன்னார். அந்த வருஷம் முழுக்க உடம்பை எப்படி அளப்பது என்று சொல்லிக் கொடுத்தார்கள். அளந்த காகிதம் எவன் கைக்குப் போகும், அவன் அதை வைத்து என்ன செய்வான் என்று ஒரு மணி நேரமாவது யாரும் பேசவில்லை. நானும் கேட்கவில்லை. வகுப்பில் முதலாவதாகத் தேறினேன்.

ஊர் திரும்பி சுங்கை பட்டாணியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து சில மாதம்கூட ஆகவில்லை, ஜப்பான்காரன் வந்துவிட்டான். வடக்கே எல்லைப் பக்கத்து ஜித்ராவில் அவனைத் தடுத்து நிறுத்திவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இரண்டே நாளில் வெள்ளைக்காரப் பட்டாளம் தெற்குப் பக்கம் லாரி லாரியாகப் போவதைப் பார்த்தோம். பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். நான் சைக்கிளில் அப்பாவிடம் வந்து சேர்ந்தேன். துரை அதற்கு முன்பே காரில் ஓடிவிட்டிருந்தார். போகும்போது நாய்க்குச் சாப்பாடு போடச் சொல்லி ஆள் வைத்துவிட்டுப் போனவர், லயத்திலிருந்த நூற்றுக்கணக்கான ஜனங்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கித்தா மரத்தில் பால்வெட்டு நின்றது. அரிசி குறைந்தது, பிறகு இல்லாமலே போனது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று ஜனங்களுக்குக் கால் வீங்கியது. அந்த நிலையில்தான் ஜப்பான் அதிகாரி ஒருவன் தோட்டத்துக்கு வந்தான். கூடவே பினாங்கிலிருந்து வந்த ஒரு தமிழன், அவனுக்கு மொழிபெயர்க்கும் துபாஷி. தினமும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோரும் ஜப்பான் சக்கரவர்த்திக்காகக் கிழக்கே பார்த்து வணங்கிவிட்டுத் தேகப்பயிற்சி செய்ய வேண்டும் என்று உத்தரவு. தைசோ என்று அதற்குப் பேர். யார் நடத்துவது என்று கேட்டபோது அப்பா முந்திக்கொண்டார்.

"என் மகன் இதுக்குன்னே மெட்ராஸ்ல படிச்சவன்."

நான் ஊதலை ஊதியதும் ஜனங்கள் வரிசையில் நிற்பார்கள். இச்சி, நி, சான், சி என்று ஜப்பான் மொழியில் எண்ணிக்கொண்டு கையைத் தூக்கி இறக்குவேன். அவர்களும் தூக்கி இறக்குவார்கள். அதற்காக எங்கள் வீட்டுக்குத் தனியாக அரிசி வந்தது. ஒருநாள் முன் வரிசையில் நின்ற ஒரு நடுவயது அம்மாள் குதிக்கும்போதே சரிந்து விழுந்தாள். தண்ணீர் தெளித்து எழுப்பினேன். அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள், "வயித்துல ஏதாச்சும் இருந்தா நாங்களும் உங்களாட்டம் குதிப்போம் தம்பி." பக்கத்திலிருந்தவர்கள் சிரிக்கவில்லை. மறுநாளும் நான் ஊதினேன். இதில் என்ன தீங்கு, கைகால் அசைப்பதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்புறம் ஆள் கேட்டு உத்தரவு வந்தது. சயாமில் ரயில் பாதை வேலை. மூன்றே மாதம், நல்ல சாப்பாடு, துணி, மருந்து எல்லாம் உண்டு என்று துபாஷி களத்தில் நின்று படித்தான். திடகாத்திரமான ஆம்பளைகள் மட்டும் வேண்டும். அப்பா பேர்ப்பட்டியல் எழுதுவார், நான் உடம்பைச் சோதித்துப் பொறுக்க வேண்டும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் எனக்கு உதவி.

நோயாளிகளை நாமாவது காப்பாற்றலாமே என்றுதான் ஒப்புக்கொண்டேன். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மீதியையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் மேசை போட்டு, கோடு கிழித்துக் கட்டம் போட்ட தாள்களை அடுக்கி வைத்து, டேப்பைக் கையில் எடுத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. படித்த படிப்பு முதன்முறையாக வேலைக்கு வந்தது. உயரம், எடை, மார்பு, நாடி, பல், மண்ணீரல் வீக்கம், ஒன்றையும் விடவில்லை. ஒவ்வொன்றையும் அழகான கையெழுத்தில் எழுதினேன். அதிகாரி வந்து எட்டிப் பார்த்துத் தலையாட்டியபோது, எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வரிசையில் அவன் வந்தான். தோட்டத்தில் சடுகுடு ஆட அவனுக்கு இணை கிடையாது. தீபாவளிக்குத் தீபாவளி பக்கத்துத் தோட்டத்து ஆட்களையெல்லாம் ஒற்றை ஆளாகத் தொட்டுவிட்டு வருவான். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன். மூச்சை இழுத்தபோது டேப் என் விரலிலிருந்து நழுவியது. பெட்டிமேல் முப்பது தடவை ஏறி இறங்கினான். ஒரு நிமிஷத்தில் நாடி அடங்கிவிட்டது. நான் டிரஸ்ஸரைக் கூப்பிட்டு, "இங்க வந்து பாருங்க, இப்படி ஒரு உடம்பை நான் மெட்ராஸ்ல கூட பார்த்ததில்ல" என்றேன்.

அவன் சட்டையை மாட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான், "வாத்தியாரய்யா, அவ மாசமா இருக்கா. இன்னும் ரெண்டு மாசந்தான். அவளுக்கு இங்க வேற யாரும் இல்ல. எனக்கு ஏதாச்சும் நோவுன்னு எழுதிடுங்களேன்."

"உன்னைப் பார்த்து நோயாளின்னு எழுதினா எவன்யா நம்புவான்?"

"நீங்க எழுதினா நம்புவாங்கய்யா."

"மூணு மாசம்தானே. பிள்ளை பிறந்ததும் வந்து பார்த்துக்கலாம்."

அவன் சரிங்கய்யா என்று சொல்லிவிட்டு நகர்ந்தான். நான் அவன் தாளில் முதல் தரம் என்று எழுதி அடிக்கோடு போட்டேன். ஒரு பொய் எழுதியிருந்தால் போதும். மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று இரண்டே வார்த்தை. டிரஸ்ஸர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், அதிகாரிக்குக் கண்டுபிடிக்கத் தெரியாது. ஆனால் என் தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அன்று என்னை யாரும் மிரட்டவில்லை. எவனும் என் கழுத்தில் வாள் வைக்கவில்லை. என் படிப்புக்கு நான் விசுவாசமாக இருந்தேன், அவ்வளவுதான்.

அவர்கள் லாரி ஏறினார்கள். மூன்று மாதம் போனது, ஆறு மாதம் போனது. ஒரு கடுதாசி வரவில்லை. அவனுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவன் மனைவி குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு மரவள்ளித் தோட்டத்தில் வேலை செய்தாள். எதிரே வந்தால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

மறுபடியும் ஆள் வேண்டும் என்று வந்தது. இந்த முறை நான் துணிந்தேன். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மலேரியா, குடலிறக்கம், இருதயப் படபடப்பு என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். நாடி படபடக்கும்படி, வருவதற்கு முன் ஒரு வாய் புகையிலையை மென்றுவிட்டு, ஆஸ்பத்திரிப் பின்பக்கத்து மேட்டில் ஓடிவிட்டு வரும்படி சில பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். தாள்களைப் பார்த்த அப்பா வீட்டுக்கு வந்து கத்தினார்.

"கேட்ட ஆளுக்குப் பாதிகூட இல்ல. தலைக்கு நான்ல பதில் சொல்லணும்?"

"போனவங்க திரும்பி வரலையேப்பா."

"அது நம்ம பொறுப்பா? துரை கேட்டாலும் பேர் எழுதினேன், இவன் கேட்டாலும் எழுதறேன். எழுதறதுதான்டா என் வேலை."

"அப்ப என் பேரையும் எழுதுங்க."

அவர் அடிக்கக் கையை ஓங்கினார். பிறகு இறக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் பேரை எழுதவில்லை.

இரண்டு நாள் கழித்துத் துபாஷி, முதல் முறை எழுதியதையும் சேர்த்து, என் தாள்களை மேசைமேல் போட்டான். "உன் காகிதம் இனிமே வேணாம். நீ வழக்கம்போல ஊதலை ஊது, போதும்" என்றான். கோபப்படாமல் சொன்னான். அப்பாடா, இதோடு விட்டதே என்று நினைத்தேன். அப்படி ஒரு முட்டாள் நான்.

மறுநாள் காலையில் வழக்கம்போல் ஊதினேன். ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கிழக்கே பார்த்து வணங்கினோம். கைகளைப் பக்கவாட்டில் நீட்டச் சொல்லி நான் எண்ண ஆரம்பித்தபோது களத்தின் மூன்று பக்கமும் லாரி வந்து நின்றது. சிப்பாய்கள் குதித்தார்கள். கை நீட்டியபடி நின்ற ஆம்பளைகளை அப்படியே பிடித்து லாரியில் ஏற்றினார்கள். காய்ச்சல்காரன், கால் வீங்கியவன், பதினாறு வயதுக்காரன், ஐம்பதைத் தாண்டியவன் என்று ஒரு வித்தியாசமும் பார்க்கவில்லை. பெண்கள் அலறிக்கொண்டு லாரியின் பின்னால் ஓடினார்கள். தைசோ நடத்துகிறவன் என்று அதிகாரி கொடுத்த பட்டையை என் கையில் கட்டியிருந்ததால் என்னை யாரும் தொடவில்லை. ஆபீஸ் வாசலில் அப்பா பட்டியலோடு நின்றுகொண்டிருந்தார். அவர் தலை நிமிரவே இல்லை.

சடுகுடு ஆடியவனின் மனைவி குழந்தையோடு என் முன்னால் வந்து நின்றாள். அதுவரை என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவாள்.

"என் புருஷன டேப்பு வெச்சி எடுத்துக் குடுத்த. இன்னைக்கு ஊதல் வெச்சி இவங்களையும் எடுத்துக் குடுத்துட்ட. நாளைக்கு எதக் கொண்டாருவ?"

அவள் காறித் துப்பினாள். என் சட்டையில் பட்டது. சரியான இடத்தில்தான் பட்டது.

அடுத்த நாள் நான் ஊதவில்லை. அதிகாரி என்னைக் களத்துக்கு இழுத்து வரச் சொல்லிக் கன்னத்தில் அறைந்தான். ஒரு கட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வெயிலில் நிற்க வைத்தான். எந்தத் தசை முதலில் நடுங்கும், எது பிறகு நடுங்கும் என்று எனக்குத் தெரியும். அதே வரிசையில் நடுங்கியது. விழுந்தேன். பிறகு மரவள்ளிக்குக் குழி வெட்ட அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த அரிசி நின்றது. இதை வீரம் என்று யாரும் சொல்லிவிட வேண்டாம். போக வேண்டியவர்கள் எல்லோரும் போன பிறகு நான் காட்டிய வீரம் அது.

சண்டை முடிந்தது. ஒரு மத்தியானம் நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அப்பா அடுப்பின் முன் குந்தியிருந்தார். சயாமுக்குப் போனவர்களின் பேர்ப்பட்டியலை ஒவ்வொரு தாளாக நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன பண்றீங்க?"

"வெள்ளக்காரன் திரும்ப வர்றான். இதுல என் கையெழுத்து இருக்குடா."

நான் பாய்ந்து பிடுங்கினேன். கையில் வந்தது பாதி கருகிய ஒரு தாள். அவரைப் பிடித்துத் தள்ளிவிட்டேன். பெற்ற தகப்பனை. அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

போனவர்களில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் திரும்பி வந்தார்கள். ஒருவன் என் தாளில் முதல் தரம் வாங்கியவன். முழங்காலுக்குக் கீழே சதையே இல்லை, புண் எலும்பு வரைக்கும் போயிருந்தது. சடுகுடு ஆடியவன் காலராவில் போய்விட்டான் என்று அவன்தான் சொன்னான். போய்ச் சேர்ந்த ஐந்தாவது மாதமே. மூங்கிலை அடுக்கி, இன்னும் பல பேரோடு சேர்த்து எரித்தார்களாம்.

"பலசாலின்னு பாத்துப் பாத்து எடுத்தீங்களே வாத்தியாரே," என்றான், "பலசாலிக்குன்னு அவன் தனியாவா சோறு போட்டான்?"

புதிதாக வேறொரு துரை வந்தார். வந்ததும் லயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேலை செய்யும் ஆம்பளை இல்லாத அறைகளைக் காலி செய்யச் சொன்னார். பதிவேட்டில், சயாமுக்குப் போனவர்களின் பேருக்கு எதிரே ஓடிப்போனவர்கள் என்று எழுதச் சொன்னார். அப்பாவும் எழுதினார். வேறு சான்று இல்லையே, எரித்துவிட்டாரே.

ஆனால் என்னுடைய தாள்கள் என் டிரங்குப் பெட்டியில் இருந்தன. எடுத்துக்கொண்டு துரையிடம் போனேன். இவர்கள் ஓடிப்போகவில்லை, பிடித்துக் கொடுக்கப்பட்டார்கள், கொடுத்தவர்களில் நானும் ஒருவன் என்று ஆங்கிலத்தில் தெளிவாகச் சொன்னேன். அவர் தாள்களைப் புரட்டினார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஒன்றை நன்றாகப் பார்த்தார்.

"ரொம்ப நேர்த்தியான வேலை," என்றார். "எங்கே பயிற்சி எடுத்தாய்?"

அந்த மேசையைக் கவிழ்த்திருக்க வேண்டும். கவிழ்க்கவில்லை. "அந்த ஒரு வார்த்தையை மாற்றுங்கள்" என்றேன். அது நிர்வாகத்தின் விஷயம், பார்க்கலாம் என்று தாள்களைத் திருப்பிக் கொடுத்தார். எனக்கு வேண்டுமானால் தோட்டத்தில் சுகாதார மேற்பார்வை வேலை போட்டுத் தருவதாகவும் சொன்னார்.

வெளியே வந்து லயத்துப் பெண்களிடம் நடந்ததைச் சொன்னேன். சடுகுடு ஆடியவனின் மனைவிதான் முதலில் வாய் திறந்தாள்.

"அந்தக் காயிதத்துல எல்லார் பேரும் இருக்கா?"

"முதல்ல போனவங்க எல்லார் பேரும் இருக்கு. அடுத்து லாரியில ஏத்தினவங்கள்ல நான் சோதிச்சவங்க பேர் இருக்கு."

"நாளைக்குக் காலைல களத்துக்கு வந்து படி."

மறுநாள் பெண்கள் பால்வாளியைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுப் பெரட்டுக் களத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். வேலை வாங்கும் தண்டல் கத்தினான், யாரும் எழவில்லை. நான் நடுவில் நின்று படித்தேன். பேர், வயது, உயரம், எடை, மார்பு. ஒவ்வொரு பேருக்கும் ஒருத்தி நிமிர்ந்தாள். தாளில் இல்லாதவர்களின் பேரை அவரவர் வீட்டுப் பெண்கள் எழுந்து நின்று சொன்னார்கள். சடுகுடு ஆடியவனின் தாள் வந்தபோது படிப்பதை நிறுத்தினேன். "நிறுத்தாத, படி" என்றாள் அவள். நாடி அடங்க ஆன நேரம் வரைக்கும் படித்தேன். அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். அழவில்லை.

இரண்டு நாள் பால்வெட்டு நடக்கவில்லை. மூன்றாம் நாள் துரை இறங்கி வந்தார். பால் வெட்டும் பெண்கள் தங்கள் பேரிலேயே அறையை வைத்துக்கொள்ளலாம் என்றார். அவர்கள் வாளியை எடுத்தார்கள். பதிவேட்டில் அந்த வார்த்தையை மட்டும் அவர் கடைசிவரை மாற்றவில்லை. அந்தத் தோட்டத்துப் புத்தகத்தில், மூங்கில் அடுக்கில் எரிந்துபோன ஒருவன் இன்னும் ஓடிப்போனவனாகத்தான் இருக்கிறான்.

சுகாதார மேற்பார்வை வேலையை நான் ஏற்கவில்லை. சுங்கை பட்டாணிக்கே திரும்பிப் போய் ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். அப்பா ஓய்வு பெற்றபோது துரை அவருக்கு விருந்து வைத்தார்; நான் போகவில்லை. சடுகுடு ஆடியவனின் மனைவியைப் பிறகு இரண்டு மூன்று முறை கூலிம் சந்தையில் பார்த்திருக்கிறேன். பெண் வளர்ந்து அவள் உயரத்துக்கு வந்துவிட்டாள். ஒருமுறை நேருக்கு நேர் வந்துவிட்டோம். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். அவள் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு என்னைத் தாண்டிப் போய்க் கீரை விலை கேட்டாள்.